சத்திரத்தில் விட்டுவந்தவள்

கோட்டுச்சேரி,
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை நித்யஸ்ரீக்கு அண்ணன் நவநீதன் எழுதுவது. இங்கே நானும், அம்மா வைத்த முருங்கையும், பக்கத்து வீட்டு வடிவாம்பாள் அக்காவின் பூனையும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை கார்த்திகேசனும் எப்படி இருக்கிறீர்கள்? பாரிசில் குளிர் விட்டதா?

இந்தக் காலத்தில் கடுதாசி போடுகிறானே என்று சிரிக்காதே. போன் போட்டால் "நல்லாருக்கேண்ணே, வேலையா இருக்கேன், அப்புறம் கூப்புடுறேன்" என்கிறாய். அந்த அப்புறத்தைப் பார்த்துக்கொண்டே பொங்கல் போய்விட்டது. கடிதத்தை நீ பாதியில் வைக்க முடியாது பார்.

சங்கதி இதுதான். புதுச்சேரியில் ஒரு சின்னப் பதிப்பகம் என் புத்தகத்தைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டது. கல்மோர் வரலாறு! நம்முடைய கல்மோரேதான். சுப்ராயன் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தாரே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதோடு வந்த விளையாட்டு. "கம்ப்யூட்டர் கேமுக்கெல்லாம் சரித்திரமா சார்?" என்று பதிப்பகத்துக்காரர் இழுத்தார். "சோழனுக்கு மட்டுந்தான் சரித்திரமா? இது ஆறு பாகம் வந்துருக்கு, பன்னெண்டு வருஷம் ஓடிருக்கு" என்றேன். மனிதர் அடங்கிவிட்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் குறை. அதற்கு நீ வேண்டும்.

உனக்கு நினைவிருக்கும். கல்மோர் ஊர்ச் சத்திரத்தில் ஆறு பேரைச் சேர்ப்போம். வாள்காரன், வைத்தியன், மந்திரக்காரி என்று. அவர்களைக் கூட்டிக்கொண்டு பாதாளத்துக்குப் போய் பூதங்களோடு சண்டை போடுவோம். ஒரு பாகம் முடிந்தால் கூட வந்தவர்களை அப்படியே பிளாப்பித் தட்டில் ஏற்றி, அவர்கள் வாளோடும் பலத்தோடும் அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகலாம். கல்மோரின் பெருமையே அதுதான். ஆனால் சத்திரத்தில் விட்டுவந்தவர்கள் வர முடியாது. அடுத்த பாகத்தில் அவர்கள் பெயரே இருக்காது. நாமோ எப்போதும் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போவோம். "எல்லாரும் சேந்து வீட்டைப் பூட்டிட்டுப் போவக் கூடாது, வெளக்கு ஏத்த ஒரு ஆளு இருக்கணும்" என்பது அம்மா சட்டம் ஆயிற்றே. கல்மோருக்கும் அந்தச் சட்டம் செல்லும் என்று நாமாகவே வைத்துக்கொண்டோம்.

அந்தச் சத்திரத்து ஆட்களை ஏன் விட்டுவிட்டார்கள்? இதுதான் என் கேள்வி. விளையாட்டை உருவாக்கிய எதியேன் வாஸ்லோவுக்கு எண்பது வயது. நாந்த் நகரத்தில் இருக்கிறார். மெயில் போட்டுப் பார்த்தேன், பதிலே இல்லை. விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். நீ ரயிலேறிப் போய் நேரில் கேட்டு எழுது. அவர் பதில்தான் என் கடைசி அத்தியாயம். ஆடிக்குள் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம் சொல்.

உன் அண்ணன்,
நவநீதன்

*

பாரிஸ்,
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு நித்யஸ்ரீ எழுதிக்கொண்டது. நான் நலம். அவரும் நலம். உன் நலமும் முருங்கையின் நலமும் தெரிந்து சந்தோஷம். பூனையையும் கேட்டதாகச் சொல்.

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! இன்னமும் கோழி கிளறின மாதிரிதான் எழுதுகிறாய்.

புத்தகம் வருவது ரொம்ப சந்தோஷம் அண்ணே. உனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்குக் காரணம் கல்மோர்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பழிக்கு ஒரு புத்தகமாவது வரட்டும்.

ஆனால் ஒன்று. "நாம் ஒருவரை விட்டுவிட்டுப் போவோம்" என்று ரொம்பப் பொதுவாக எழுதியிருக்கிறாயே, அந்த ஒருவர் யார் என்று ஏன் எழுதவில்லை? ஒவ்வொரு தடவையும் என்னைத்தானே விட்டாய்! உன் வாள்காரன் நவநீதன், சித்தப்பா பெயரில் ஒரு வைத்தியன், அப்பா, அம்மா, உன் கணக்கு வாத்தியார் எல்லோரும் ஊர் சுற்றப் போவீர்கள். நித்யா மட்டும் சத்திரத்தில் உட்கார்ந்திருப்பாள். அடுத்த பாகம் வந்தால் அவளைப் புதிதாகப் படைப்பாய். கையில் ஒரு குச்சி, உடம்பில் உயிர் என்று பேருக்கு ஏதோ. மறுபடியும் சத்திரம். இந்தக் கேள்வியை நானே அந்தக் கிழவரிடம் கேட்க வேண்டியதுதான்.

லீவு கிடைத்ததும் போகிறேன். இனிமேல் இந்த விலாசத்துக்கு எழுது: காசியம்மா அக்கா வீடு என்று போட்டு, பின்பக்கம் எழுதியிருப்பதை அப்படியே போடு. எங்கள் கட்டடத்தில் தபால்பெட்டி உடைந்துவிட்டது. காசியம்மா அக்கா நம்ம காரைக்கால்காரர்தான், ஸ்டேஷனை ஒட்டி வீடு. நான் தினமும் அந்தப் பக்கம் போவேன்.

போன் வேண்டாம் அண்ணே. வேலை நேரத்தில் எடுக்க முடியவில்லை. கடிதமே எழுது, நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
நித்யா

*

கோட்டுச்சேரி,
20 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம், வெயில்தான் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். உன்னைச் சத்திரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் பாகத்தில் உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். முதல் எலி கடித்ததுமே நீ செத்துப்போனாய். நிஜத்தில் நீ போட்ட அழுகையில் அப்பா கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அதிலிருந்து உன்னைப் பத்திரமாக ஒரு இடத்தில் வைக்க நினைத்தேன், அவ்வளவுதான். ஐந்து பேரோடு போனதால் எனக்கு அந்த விளையாட்டு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? கல்மோர் ரொம்பக் கடினம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்!

மூன்று பாகங்களின் கதையை எழுதி முடித்துவிட்டேன். எண்பத்தாறில் வந்த முதல் பாகம் கறுப்புத் திரையில் வெறும் வெள்ளைக் கோடுகள். வாஸ்லோவும் அவர் மனைவியும் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது. பெட்டிகளைக்கூட அவர்களே கையால் ஒட்டினார்களாம். துணியில் அச்சடித்த வரைபடம் ஒன்று உள்ளே இருக்கும், அதை அம்மா நம் பூஜை அலமாரியில் விரித்துவைத்தாளே, அதுதான். இரண்டாம் பாகத்தில் பாதாளத்தை விட்டு வெளியே வந்தார்கள். காடு, ஆறு, மழை எல்லாம் வந்தது. மூன்றாவதில்தான் கலர். நாலாவதில் மவுஸ். ஐந்தாவதில் ஆட்கள் பேசினார்கள். ஆறாவது தொண்ணூற்றெட்டில் வந்து படுத்துவிட்டது, அதோடு கம்பெனியும் மூடிவிட்டார்கள். அந்த ஆறாம் பாகத்துக்கு நம்மிடம் உள்ள தட்டு கீறல் விழுந்து ஓடவே மாட்டேன் என்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முகைதீன் பிச்சை மற்ற ஐந்தையும் என் லேப்டாப்பில் ஓடவைத்துக் கொடுத்தார். விளையாடிப் பார்த்து நான் எழுதுவதை அவர்தான் சிரிக்காமல் கேட்கிறார்.

ஆபீசிலிருந்து வருகிறேன். விளக்கு ஏற்றுகிறேன். தோசை வார்த்துச் சாப்பிட்டுவிட்டு கல்மோருக்குப் போகிறேன். அம்மா இருந்தவரை பின்னாலிருந்து திட்டிக்கொண்டிருப்பாள். இப்போது பூதம் செத்தால்கூட வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

நாந்துக்கு எப்போது போகிறாய்? மாப்பிள்ளையும் கூட வருவாரா?

நவநீதன்

*

பாரிஸ்,
14 ஏப்ரல் 2025

அன்பு அண்ணனுக்கு, புது வருஷ வாழ்த்துகள். கும்பிட்டுக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

டப்பா மாங்காயில் பச்சடி செய்தேன். வேப்பம்பூவுக்கு எங்கே போவது? பச்சடி ஒரு வாரத்துக்கு வரும், அவ்வளவு மிஞ்சிவிட்டது. அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்.

நாந்துக்கு இன்னும் போகவில்லை. லீவு தருவதாக இல்லை. உடனே மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளாதே.

என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? வேலை, வீடு. நீ எழுது. சாயந்தரம் விளக்கு ஏற்றும்போது வடிவாம்பாள் அக்கா இன்னும் சுவர் மேலாக எட்டிப் பார்த்து "என்னடா கொழம்பு?" என்று கேட்கிறார்களா? திருவேட்டக்குடிப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா இன்னும் அதே கூவல்தானா? வாசல் கதவு அதே கிறீச்சா? எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விடாதே.

நித்யா

*

கோட்டுச்சேரி,
9 மே 2025

நித்யாவுக்கு, அண்ணன் எழுதுவது. நலம். நீயும் நலமாகவே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

பதிப்பகத்திலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். மூன்று மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையா உனக்கு? எனக்கென்று நான் உன்னிடம் என்ன கேட்டிருக்கிறேன் சொல். கம்ப்யூட்டர் விளையாட்டுதானே, கிறுக்கன் கேட்கிறான், போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாய். பெரிய ஊரில் வாழ்கிறவர்களுக்கு நேரம் ஏது!

எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

நீ கல்யாணமாகிப் போன அன்று சென்னை விமானநிலையத்துக்கு எல்லோரும் வேனில் வந்தார்கள். விளக்கு ஏற்ற ஒரு ஆள் வேண்டுமே, நான் நின்றுவிட்டேன். நீ ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனாய். நான் உள்ளே வந்து விளக்கை ஏற்றிவிட்டு கல்மோரைத் திறந்தேன். சத்திரத்தில் நித்யா உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எனக்கு விளையாடவே முடியவில்லை. அந்தக் கேள்வி அன்றிலிருந்து என் நெஞ்சில் கிடக்கிறது. இது புத்தகத்துக்காக மட்டும் கேட்பது இல்லை.

மீன்காரம்மா அதே கூவல்தான். கதவும் அதே கிறீச்சுதான். எண்ணெய் விட்டால் அம்மா வருவது தெரியாதே என்று சின்ன வயசில் சொல்வாயே, நான் இன்னும் எண்ணெய் விடவில்லை.

அண்ணன்

*

பாரிஸ்,
30 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். உன் கோபம் போகும்படியாக ஒரு செய்தி. போய்விட்டு வந்தேன்!

சின்ன வீடு, வாசலில் நீலக் கதவு. அவர் மனைவிதான் திறந்தார். இந்தியாவிலிருந்து என்றதும் வாஸ்லோவுக்குக் கண் விரிந்துவிட்டது. காப்பி கொடுத்தார்கள். உன் கேள்வியைக் கேட்டேன். அவர் சொன்னார்: "அவர்களை நாங்கள் கைவிடவில்லை. ஆறாம் பாகத்தில் திரும்பக் கொண்டுவந்தோம். யாருக்கும் தெரியாது. கல்மோர்ச் சத்திரத்தின் சமையலறைக்குப் பின்னால் ஒரு படி இருக்கிறது. மேலே ஏறினால் கடைசி அறை. சத்திரத்தில் விட்டுவந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்."

அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, ஒரே ஜன்னல். அங்கே இருப்பவள் ஒரு ஆளுக்குத்தான் சமைப்பாள், ஆனாலும் மிஞ்சிவிடும். ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும்போதெல்லாம் அலமாரி மேலிருக்கும் விளக்கு லேசாக ஆடும், அவள் எழுந்துபோய்க் கையால் பிடித்துக்கொள்வாள். யாராவது படியேறி வருகிற சத்தம் கேட்டால் புடவையைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்ப்பாள். வந்தவர்கள் பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாள். இப்படியெல்லாம் அவர் சொன்னார்.

போதுமா? அத்தியாயத்தை முடி. உன் புத்தகம் நன்றாக வரட்டும்.

நித்யா

*

கோட்டுச்சேரி,
14 ஜூலை 2025

என் தங்கமே, ஆயிரம் வருஷம் நன்றாக இரு!

மாங்கனித் திருவிழா பார்க்கக் காரைக்காலுக்குப் போய், வீசின மாம்பழம் ஒன்று சட்டையில் விழுந்து, அந்தக் கறையோடு வந்து பார்த்தால் உன் கடிதம். ஈரக் கையோடு பிரித்துவிட்டேன். வடிவாம்பாள் அக்காவுக்குச் சுவரோரமாக நின்று படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு ரூம்புல தனியா இருக்குதாமே, பாவம்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விளையாட்டில் வருகிற பொம்மை அக்கா என்றேன். "எதா இருந்தா என்ன, பாவந்தானே" என்றார்கள்.

கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். உலகத்தில் யாருக்கும் தெரியாத அறை, கோட்டுச்சேரிக்காரன் எழுதி வெளியே வரப்போகிறது! கொடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். முகைதீன் பிச்சை எங்கோ பிடித்து ஆறாம் பாகத்தின் நல்ல பிரதி ஒன்று வரவழைத்திருக்கிறார். இந்த வாரம் வந்துவிடும். படியேறிப் போய் உன்னைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வெளியூரிலிருந்து வந்துவிட்டாரா?

அண்ணன்

*

கோட்டுச்சேரி,
20 ஆகஸ்ட் 2025

அன்பு நித்யாவுக்கு. நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

ஆறாம் பாகம் ஓடியது. சத்திரத்துக்குப் போனேன். சமையலறைக்குப் பின்னால் படி இல்லை. ஒரு பீப்பாயும் சிலந்தி வலையும்தான். சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தேன். மாடியே இல்லாத கட்டடம் அது.

கிழவருக்கு வயசாகிவிட்டது, ஏதோ மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே ரயில் என்று எழுதியிருக்கிறாய். வாளும் மந்திரமும் குதிரையும் இருக்கிற ஊர் அது. கல்மோரில் ரயில் ஏதுடி?

படித்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது. ஸ்டேஷனை ஒட்டிய காசியம்மா வீடு. ஒரு வாரத்துக்கு மிஞ்சின பச்சடி. அம்மா காரியத்துக்கு நீ தனியாக வந்தது. மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்டால் ஒரு வரி, கடைசிக் கடிதத்தில் அதுவும் இல்லை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு தடவை கேட்டதுமே புரிந்தது எனக்குப் புரியவில்லை பார், நான் சரித்திரம் எழுதுகிறவனாம்.

போன் போட்டேன். நீ எடுக்கவில்லை.

நீ நாந்துக்குப் போகவில்லை என்பதில் எனக்குக் கோபம் இல்லை. அத்தியாயம் நாசமாய்ப் போகட்டும், பதிப்பகத்துக்கு இப்போது தர முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கல்மோரில் அந்த அறை இல்லை. அப்படியானால் நீ எங்கே இருக்கிறாய், நித்யா?

உன் அண்ணன்

*

பாரிஸ்,
11 அக்டோபர் 2025

அண்ணே,

நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை எழுத வரவில்லை.

நீ கண்டுபிடித்தது சரிதான். அவரும் நானும் பிரிந்துவிட்டோம். அம்மா போவதற்கு முன்பே. அவருக்கு இப்போது வேறு வீடு, வேறு துணை. சண்டைகூடப் பெரிதாக இல்லை, ஒருநாள் சொன்னார், நான் பெட்டியைக் கட்டினேன். காசியம்மா அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவுகிறேன். வேலை ஒன்றும் மோசமில்லை. அறைக்குத் திரும்பி வருவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லியிருந்தால் அந்தக் கவலையோடு போயிருப்பாள். அம்மா போனபிறகு உன்னிடம் சொல்ல வந்தேன். காரியம் முடிந்து நீ தனியாக அந்த விளக்கை ஏற்றிக்கொண்டு நின்றாய். இவனே இப்படி நிற்கிறான், இவன் தலையில் இதையும் போடுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். போனில் பேசினால் குரலை வைத்துப் பிடித்துவிடுவாய். கடிதத்தில் அழுதால் தெரியாது, அதுதான் எழுதச் சொன்னேன்.

ஆறாம் பாகம் ஓடாது என்று நீ எழுதியிருந்ததால் தைரியமாகப் பொய் சொன்னேன். உனக்கு ஒரு அத்தியாயம் கிடைக்கட்டும் என்றுதான் தொடங்கினேன். எழுத எழுத அறைக்குள் நானே வந்து உட்கார்ந்துவிட்டேன். ரயில் என்று எழுதியது எனக்குத் தெரியவே இல்லை. அந்த நேரத்தில் ஒன்று போயிருக்கும்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் பதில் எழுத முடியவில்லை. போன ஞாயிறு நிஜமாகவே நாந்துக்குப் போனேன். போட்டோ வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். கதவு நீலம் இல்லை, பச்சை. மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. அவரும் தனியாகத்தான் இருக்கிறார். காப்பி நான்தான் போட்டேன்.

உன் கேள்வியைக் கேட்டேன். அவருக்குப் புரியவே இல்லை அண்ணே. "ஆறு பேருக்குத்தானே விளையாட்டு? ஏன் ஐந்து பேராகப் போனீர்கள்?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அம்மா சட்டத்தைச் சொன்னேன். விளக்கு, பூட்டாத வீடு எல்லாம் என் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பிறகு சொன்னார்:

"நாங்கள் அதை யோசிக்கவே இல்லை, அம்மா. சத்திரம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவதற்காக வைத்த இடம். அங்கே ஒருவரை யாராவது கடைசிவரை விட்டுவைப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பிளாப்பியில் ஆறு பேருக்கும் இடம் இருந்தது. எல்லோரும் வந்திருக்கலாம்."

இதுதான் நிஜமான பதில். இதை வைத்து எழுது. ஊருக்கு வர ஆசையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

நித்யா

*

கோட்டுச்சேரி,
9 நவம்பர் 2025

என் நித்யாவுக்கு, அண்ணன் எழுதுவது.

மழை பிடித்துக்கொண்டது. வாசலில் முழங்கால் தண்ணீர். போட்டோவைப் பூஜை அலமாரியில், அந்தத் துணி வரைபடத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். ரொம்ப இளைத்துவிட்டாய். அந்தக் கிழவரும் சாப்பிடுகிற மாதிரித் தெரியவில்லை. அடுத்த முறை போனால் அவருக்கு ஏதாவது சமைத்துக் கொடுத்துவிட்டு வா.

வெட்கம் எதற்கு? நீ என்ன திருடினாயா? ஊர் பேசும். நான் கம்ப்யூட்டர் பூதத்தைக் கட்டிக்கொண்டேன் என்று இருபது வருஷமாகப் பேசுகிறது, நான் தேய்ந்தா போய்விட்டேன்? இங்கே வந்து இருந்தாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி, உன் இஷ்டம். உன்னை இழுத்துக்கொண்டு வர நான் நினைக்கவில்லை. ஆனால் நான் வருவேன்.

பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன், விசாவுக்கும் கொடுத்தாயிற்று. ஆபீசில் ஒரு மாத லீவு. தை மாதம் உன் அறையில் வந்து இறங்குகிறேன். சேலை, வேப்பம்பூ, கருவாடு என்று வேண்டியதை எழுது. கருவாட்டை விடுவார்களா என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்.

முதல் பாகத்தைத் திரும்பத் தொடங்கினேன். சத்திரத்தில் உன்னையும் சேர்த்துக்கொண்டு ஆறு பேராகக் கிளம்பினேன். எதிர்பார்த்தபடியே முதல் எலி உன்னைக் கொன்றுவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கோயிலுக்கு ஓடினேன். அங்கே எழுப்பிக் கொடுப்பார்கள், அந்த வயசில் நமக்கு அது தெரியாமல் போயிற்று. இப்போது நான்காவது நிலவறையில் இருக்கிறோம். நீ நன்றாகவே அடிக்கிறாய். ஆறு பேர் போனால் கல்மோர் ஒன்றும் அவ்வளவு கஷ்டமான விளையாட்டு இல்லை.

வடிவாம்பாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. "வெளக்கை நான் ஏத்திக்கிறேன், நீ மொதல்ல போயி அந்தப் புள்ளையப் பாரு" என்றார்கள். வீட்டைப் பூட்டலாம் என்று போனால்தான் தெரிந்தது, நம் வாசல் கதவுக்குப் பூட்டே கிடையாது. தாத்தா காலத்திலிருந்து யாரோ ஒருவர் உள்ளேயே இருந்திருக்கிறோம், ஒரு நாள்கூடப் பூட்டியதில்லை. நாதாங்கி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. ஆசாரியைக் கூட்டிவந்து புதிதாக அடித்தேன். அவர் கதவின் கிறீச்சுக்கு எண்ணெய் விடப் போனார், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

காரைக்காலுக்குப் போய் நல்ல பித்தளைப் பூட்டாக வாங்கிவந்தேன். அதோடு இரண்டு சாவி கொடுத்தார்கள். நான் கிளம்பும்போது ஒன்றை விளக்கேற்ற அக்காவிடம் கொடுப்பேன். இன்னொன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
நவநீதன்